புதிய லேப்டாப் சூடேறி நின்றுபோனால்: வணிகர்கள் அறிய வேண்டியவை



பேரேடும் சிட்டையும் எழுதிய கைகளே இன்று கம்ப்யூட்டரில் பில் போடுகின்றன. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்த பிறகு, கம்ப்யூட்டர் இல்லாமல் மொத்த வியாபாரம் செய்வது பெரும்பாடாகிவிட்டது. மாதா மாதம் கணக்குத் தாக்கல் செய்வோர் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தையும், 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி படிவத்தையும் முடித்தாக வேண்டும். 3பி தவறினால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரி ஏதும் இல்லாத கணக்கு என்றால் 20 ரூபாய். வரி பாக்கி நின்றால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. இந்த நிலையில், கணக்கு முழுவதையும் வைத்திருக்கும் லேப்டாப் 19ஆம் தேதி மாலை சூடேறி அசையாமல் நின்றுவிட்டால் நம் பாடு என்னவாகும்?

இது கற்பனைக் கேள்வி அல்ல. எங்கள் கடையிலேயே நடந்தது. பட்ட அனுபவத்தையும், அதன் வழியாகத் தெரிந்துகொண்டதையும் சக வணிகர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

எங்கள் கடையில் நடந்தது

நாங்கள் மளிகைச் சாமான்களை மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்பவர்கள். பழைய கம்ப்யூட்டர் தளர்ந்துவிட்டதால், ஆண்டு முடிவுக்கு ஒரு மாதம் முன்பு புதிய லேப்டாப் ஒன்று வாங்கினோம். முதல் மூன்று வாரம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பில் போட்டது, பார்கோடு படித்தது, இரவு கணக்கை முடித்தது.

மார்ச் கடைசி வாரத்தில் இருப்பு எடுக்கும் வேலை வந்தது. ஓராண்டு விற்பனைப் பதிவுகளைச் சரக்கு வாரியாகப் பிரித்து, பெரிய பெரிய எக்ஸெல் தாள்களாக எடுத்து, கூடவே பேக்கப்பும் போட்டோம். லேப்டாப்பின் அடிப்பாகம் கை வைக்க முடியாதபடி கொதித்தது. உள்ளிருக்கும் விசிறி இரைந்தது. சற்று நேரத்தில் திரை அப்படியே நின்றுவிட்டது. மௌஸ் நகரவில்லை, எந்த விசைக்கும் பதில் இல்லை. வேறு வழியின்றி மின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தோம். திரும்பத் திறந்தபோது அன்று போட்ட பதிவுகளில் பாதியைக் காணோம். மறுநாளும் இதே கதை. இரண்டு நாள் பில் நகல்களை எடுத்து வைத்துக்கொண்டு எங்கள் கணக்குப்பிள்ளை இரவு முழுவதும் உட்கார்ந்து திரும்பப் பதிவு செய்தார்.

கேட்டவர்கள் எல்லாம் ஒவ்வொன்று சொன்னார்கள். 'வெயில் காலம், அப்படித்தான் இருக்கும்' என்றார் ஒருவர். 'கீழே வைக்கும் விசிறிப் பலகை வாங்குங்கள்' என்றார் இன்னொருவர். வாங்கினோம், பலன் இல்லை. சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை கொண்டுபோனோம். இரண்டு முறையும் 'இங்கே நன்றாக ஓடுகிறது, குறை எதுவும் இல்லை' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். இறுதியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. நோய் ஒன்றல்ல, இரண்டு. சூடேறியதற்குக் காரணம் ஒன்று. நின்றுபோனதற்குக் காரணம் வேறொன்று. இரண்டும் பளுவான வேலையின்போதே வந்ததால் ஒன்று என்று எண்ணி ஏமாந்தோம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் மின்சாரத்தைத் தின்று கணக்குப் போடுகிறது. தின்ற மின்சாரம் அவ்வளவும் கடைசியில் வெப்பமாகவே வெளிவருகிறது. வேலை குறைவென்றால் வெப்பம் குறைவு. வேலை கூடினால் வெப்பமும் கூடும். உதாரணமாக, 2022இல் வெளிவந்த இன்டெல் ஐ5-1235யூ என்ற பிராசஸரின் அடிப்படை மின் அளவு 15 வாட். ஆனால் அவசர வேலை வரும்போது சிறிது நேரத்துக்கு 55 வாட் வரை இழுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. அதாவது சின்ன குண்டு பல்பு ஒன்றின் வெப்பம், விரல் நகம் அளவுள்ள ஓர் இடத்திலிருந்து கிளம்புகிறது.

இந்த வெப்பத்தை வெளியேற்றத் தட்டையான செப்புக் குழாய் ஒன்று உள்ளே இருக்கிறது. பிராசஸர் மீது வெப்பம் கடத்தும் பசை தடவி, அதன் மேல் இக்குழாயின் ஒரு முனையைப் பொருத்தியிருப்பார்கள். குழாய்க்குள் காற்றை நீக்கிச் சிறிதளவு நீர் அடைத்திருக்கும். சூடான முனையில் நீர் ஆவியாகி மறுமுனைக்கு ஓடும். அங்கே விசிறிக் காற்றுப் பட்டுக் குளிர்ந்து நீராகித் திரும்பி வரும். விசிறி, அடிப்பாகத்துத் துளைகள் வழியாகக் காற்றை இழுத்துப் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ தள்ளும்.

கிடங்கில் மூட்டை அடுக்கும் நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. நிலக்கடலை மூட்டைகளைச் சுவரை ஒட்டி, தரையோடு தரையாக, சன்னலை மூடிவிட்டு அடுக்கினால் என்ன ஆகும்? காற்றோட்டம் இன்றிப் புழுங்கிக் கெட்டுவிடும். அதனால்தான் அடியில் கட்டை போட்டு, சுவரிலிருந்து இடைவெளி விட்டு அடுக்குகிறோம். லேப்டாப்புக்கும் அதே நியாயந்தான்.

சூடு எல்லை மீறினால் பிராசஸர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். மேலே சொன்ன பிராசஸருக்கு அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ். எல்லையை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் முழுவதும் அணைந்துவிடும். உச்சி வெயிலில் மூட்டை தூக்கும் தொழிலாளி முதலில் நடையைத் தளர்த்துவார், முடியாவிட்டால் உட்கார்ந்துவிடுவார், அது போலத்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூட்டினால் மட்டும் வரும் தொல்லை பெரும்பாலும் 'மெதுவாகும்' அல்லது 'அணைந்துவிடும்' என்ற இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். அணையாமல், திரை எரிந்துகொண்டே அசையாமல் நின்றால், சூட்டோடு வேறு காரணமும் இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். நினைவகம் என்னும் ராம், சேமிப்பு எஸ்.எஸ்.டி., டிரைவர் மென்பொருள், பயாஸ் ஆகியவை அந்தச் சந்தேகப் பட்டியலில் வருபவை.

எது இயல்பு, எது குறை?

புதிய லேப்டாப் முதல் ஓரிரு நாள் சற்றுச் சூடாவது இயல்பு. விண்டோஸ் தன் அப்டேட்டுகளை இறக்கும், கோப்புகளைப் பட்டியலிடும், வைரஸ் தடுப்பு மென்பொருள் முழுச் சோதனை நடத்தும். இவை முடிந்த பின் அடங்கிவிடும்.

வெப்ப அளவைப் பார்க்க 'எச்.டபிள்யூ.இன்ஃபோ' போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி, சாதாரண பில் வேலையில் 50 முதல் 70, பளுவான வேலையில் 80 முதல் 95 வரை காட்டுவது மெல்லிய லேப்டாப்களில் காணக்கூடியதே. வெறும் பில் போடும்போதே 95ஐத் தொட்டால் குறை இருக்கிறது என்று பொருள். பளுவான வேலையில் 90 காட்டினாலும் நிற்காமல் வேலை நடந்தால் பதற வேண்டியதில்லை.

சுற்றுப்புற வெப்பத்தையும் மறக்கலாகாது. பல தயாரிப்பாளர்கள் தம் லேப்டாப்களை 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்துமாறு குறிப்பிடுகிறார்கள். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழ் உள்ள நம் கடைகளில் இந்த அளவு காலை பத்து மணிக்கே தாண்டிவிடும். ஆண்டு முடிவு வேலையும் கோடையும் சேர்ந்தே வருவது நம் தலையெழுத்து. பெரிய வேலைகளை அதிகாலையிலோ இரவிலோ வைத்துக்கொள்வது நல்லது.

படிப்படியாகச் சோதிக்கும் முறை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். நான்கையும் ஒன்றாக மாற்றினால் எது மருந்து, எது வீண் என்று தெரியாது. ஒவ்வொரு சோதனையின் தேதி, நேரம், செய்த வேலை, காட்டிய வெப்பம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இந்த நோட்டு பின்னால் எவ்வளவு உதவியது என்பதைக் கீழே சொல்கிறோம்.

முதல் படி: பேக்கப். எதையும் தொடுமுன் கணக்கு முழுவதையும் வெளியே ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். இது முடியாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இரண்டாம் படி: இடத்தைப் பாருங்கள். எங்கள் லேப்டாப் இருந்தது கல்லாவை ஒட்டிய திண்டின் மேல், துணி விரிப்பில். பஞ்சும் துணியும் அடித்துளைகளை அடைத்துவிட்டன. பக்கத்திலேயே மைதா, கோதுமை மாவு மூட்டைகள். எதிரே மிளகாய்த்தூள் நிறுத்துப் போடும் இடம். ஒரே மாதத்தில் துளைகளில் மாவுப் படலம் படிந்திருந்தது. கெட்டியான மரப் பலகை மேல், பின்பக்கம் சற்று உயர்த்தி, மாவு நிறுக்கும் இடத்துக்குத் தள்ளி வைத்தோம். துளைகளின் வெளிப்புறத்தை மெல்லிய தூரிகையால் துடைத்தோம். அதே வேலைக்கு முன்பு 98 காட்டிய வெப்பம் 86ஆக இறங்கியது. விசிறிப் பலகைக்குக் கொடுத்த பணம் வீண் என்று அப்போதுதான் தெரிந்தது. அடைத்துக்கொண்ட துளைக்குக் கீழே எத்தனை விசிறி சுற்றினாலும் காற்று எப்படி உள்ளே போகும்?

மூன்றாம் படி: எந்த மென்பொருள் உழைக்கிறது என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சி.பி.யூ. என்ற தலைப்பைத் தொட்டால் அதிகம் உழைப்பது மேலே வரும். பல கடைகளில் காணும் குறை, வைரஸ் தடுப்பு மென்பொருள் இரண்டு இருப்பது. லேப்டாப்போடு வந்தது ஒன்று. தெரிந்த பையன் போட்டுக் கொடுத்தது இன்னொன்று. இரண்டு காவலாளிகளும் ஒரே மூட்டையைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்ப்பது போல, கணக்குக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் இரண்டும் சோதிக்கும். ஒன்றை நீக்கிவிடுங்கள்.

நான்காம் படி: அப்டேட். லேப்டாப் தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்தில், உங்கள் மாடல் எண்ணுக்கு உரிய பயாஸையும் டிரைவர்களையும் மட்டும் போடுங்கள். விசிறி எப்போது சுற்ற வேண்டும் என்ற விதி பயாஸில்தான் இருக்கிறது. அதைத் திருத்தி வெளியிடுவது வழக்கம். பயாஸ் மாற்றும்போது சார்ஜர் செருகியிருக்க வேண்டும், பாட்டரியும் நிறைந்திருக்க வேண்டும். பாதியில் அணைந்தால் லேப்டாப் திறக்காமலே போய்விடக்கூடும்.

ஐந்தாம் படி: வேகத்தைச் சற்றுக் கட்டுங்கள். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் பிராசஸரின் உச்ச அளவு 100 சதவீதம் என்று இருக்கும். அதை 99 ஆக்கினால் பல லேப்டாப்களில் 'டர்போ' என்னும் கூடுதல் ஓட்டம் நின்றுவிடும். வெப்பம் கணிசமாக இறங்கும். பில் போடுவதிலோ கணக்கு எழுதுவதிலோ வேறுபாடு தெரியாது. பெரிய அறிக்கைகள் சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. இந்த வசதி வெளியே தெரியாத மாடல்களில், மின் சிக்கன முறையைத் தேர்ந்தெடுத்தாலும் ஓரளவு பலன் உண்டு.

ஆறாம் படி: சூடு இறங்கிய பிறகும் நிற்கிறதா? இதுதான் முக்கியமான கேள்வி. எங்கள் லேப்டாப் 86 டிகிரியிலும் நின்றது. வேகத்தைக் கட்டி, இரவு குளிர்ந்த நேரத்தில், 72 டிகிரியில் ஓடியபோதும் நின்றது. ஆகவே நிற்பதற்குக் காரணம் சூடு அல்ல என்பது ஐயமின்றித் தெரிந்தது.

ஏழாம் படி: ராம் சோதனை. விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' என்ற சோதனை இருக்கிறது. தொடக்கப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடித் திறந்தால், லேப்டாப் அணைந்து திரும்பத் திறந்து சோதனையை நடத்தும். எங்களுக்கு 'ஹார்டுவேர் கோளாறு கண்டறியப்பட்டது' என்ற செய்தி வந்தது. ராமின் ஒரு பகுதி பிறவியிலேயே பழுது. சாதாரண பில் வேலைக்கு ராமில் சிறு பகுதியே போதும். பழுதான இடத்தைத் தொடும் வாய்ப்பு குறைவு. பெரிய எக்ஸெல் தாள்களும் பேக்கப்பும் சேர்ந்து ராம் முழுவதையும் நிரப்பியபோது பழுதான இடத்தைத் தொட்டது; நின்றது. பத்து அறை உள்ள கிடங்கில் கடைசி அறைக்கு மட்டும் கூரை ஒழுகினால், அறுவடைக் காலத்தில் அந்த அறை நிரம்பும்போதுதானே தெரியும்?

பழுதான ராமினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. சில நேரம் நிற்காமலே எண்களை மாற்றிப் பதிந்துவிடக்கூடும். எனவே இக்குறை தெரிந்தால், அந்த நாள்களில் போட்ட கணக்கையும் எடுத்த பேக்கப்பையும் அப்படியே நம்பாமல், அச்சிட்ட பில்களோடும் வங்கிக் கணக்கோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆனாலும் செய்தே தீர வேண்டிய வேலை அது.

செய்யக் கூடாதவை

ஐஸ் வைப்பது, ஈரத்துணி போடுவது, குளிர்பதனப் பெட்டியில் வைப்பது ஆகியவை கூடவே கூடாது. உள்ளே நீர் கோத்து மொத்தமாகப் பழுதாகும்.

கடை சுத்தம் செய்யும் புளோயரால் துளைகளில் ஊதாதீர்கள். விசிறி அளவுக்கு மீறிச் சுற்றிக் கெடும். மாவும் உள்ளே போய் அடையும்.

வாரண்டி இருக்கும்போது தெரிந்தவர் கையில் கொடுத்துத் திறக்காதீர்கள். வாரண்டி மறுக்க அது காரணமாகிவிடலாம்.

அடிப்பாகமோ, விரல் தேய்க்கும் பலகையோ உப்பியது போல் தெரிந்தால் பாட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அது தீப்பற்றக்கூடியது. உடனே அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டு, எண்ணெய், சாக்கு, அட்டைப் பெட்டி இவற்றுக்கு எட்ட வைத்துச் சர்வீஸுக்குச் சொல்லுங்கள்.

வாரண்டியில் நம் உரிமை

சர்வீஸ் சென்டரில் 'குறை இல்லை' என்று சொன்னதில் பொய் இல்லை. குளிரூட்டிய அறையில், மேசை மேல், வேறு வேலை இல்லாமல் திறந்து பார்த்தால் நன்றாகத்தான் ஓடும். மூன்றாம் முறை போனபோது நாங்கள் எங்கள் நோட்டை நகல் எடுத்துக்கொண்டு போனோம். என்ன வேலை செய்தால், எத்தனை நிமிடத்தில், எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பதையும், ராம் சோதனையின் முடிவைப் படமெடுத்ததையும் கொடுத்தோம். அங்கேயே சோதனையை நடத்திப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். நான்கு நாளில் ராம் மாற்றப்பட்டு வந்தது, கட்டணமின்றி. அதன் பிறகு இன்று வரை நிற்கவில்லை.

கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் நீங்கள் சொன்ன குறை சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். 'பொதுச் சோதனை' என்று எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். முன்பு எத்தனை முறை கொடுத்தோம் என்பதற்கு அந்தத் தாள்களே சாட்சி.

இதற்கும் மசியாதவர்களிடம் என்ன செய்வது? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். குறை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். நாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே கொடுக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வணிகர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை அச்சட்டம் நுகர்வோர் என்று ஏற்பதில்லை. அதே சமயம், சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று கொள்ளலாகாது என்ற விளக்கமும் அச்சட்டத்திலேயே உண்டு. சிறு கடைக்காரருக்கு இது பாதுகாப்பு. பெரிய நிறுவனமாக நடத்துவோர் வழக்கறிஞரைக் கலந்துகொண்டு இறங்குவது நலம்.

இனி வாங்குவோருக்கு

பில்லில் லேப்டாப்பின் வரிசை எண்ணும், உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் சரிபாருங்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே நம் கணக்கின் நகலை ஏற்றி, ஆண்டு முடிவில் செய்யும் அதே பளுவான வேலையைக் கொடுத்துப் பாருங்கள். ராம் சோதனையும் நடத்துங்கள். கடைக்காரர் மாற்றித் தரும் காலம் சில நாள்தான். நாங்கள் அந்தச் சில நாளை வெறும் பில் போட்டே கழித்துவிட்டோம். புது மாட்டை வாங்குபவர் ஏரில் பூட்டிப் பார்க்காமல் பணம் எண்ணிக் கொடுப்பதில்லை. நாம் மட்டும் டப்பா பிரித்த மகிழ்ச்சியிலேயே இருந்துவிடலாமா?

எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லாவைப் பூட்டுமுன் பேக்கப் எடுக்கும் பழக்கம் வேண்டும். இரண்டு பென் டிரைவ் வைத்துக்கொண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றி எடுங்கள். வாரம் ஒரு நகல் கடையில் இல்லாமல் வீட்டில் இருக்கட்டும். லேப்டாப் போனால் இன்னொன்று வாங்கலாம்; யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு போனால் அதை எந்தக் கடையில் வாங்குவது?